ஓட்டுநர் இல்லா ரயில்: ஓர் எதிர்மறைப் பெயரெச்சத்தின் அரசியல்

முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 மார்ச் 20, பூந்தமல்லியிலிருந்து முல்லைத் தோட்டம் வரை நடந்த சோதனை ஓட்டத்தின் காட்சி. படக்கருவியை ரயிலின் மூக்கில் வைத்து எடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் ஓடி வருகிறது, இந்தப் பக்கம் யாருமில்லை. கீழே எழுத்து நகர்கிறது: ஓட்டுநர் இல்லா ரயில். கடையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் டீயை மறந்து பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா (உறவு ஒன்றும் கிடையாது, ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு முப்பது வருசம் நடந்தவர். அவர் கேட்டார்: "ஆளே இல்லாம ஓடுதுங்கறான். சரி தம்பி, நின்னுபோச்சின்னா யாரப் போயி கேக்கறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குச் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கிளம்பியபோது பத்திரிகைகள் எதைப் படம் பிடித்தன என்று நினைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு ரயிலை ஓட்டியவர் ஒரு பெண். அவர் படம் எல்லா இடத்திலும் வந்தது. ஓட்டுநரின் முகமே நவீனத்தின் முகமாக முன்வைக்கப்பட்டது. பத்து வருசம் கழித்து அதே இடத்தில் வெறும் நாற்காலி. நவீனத்தின் அடையாளம் ஓட்டுநராக இருந்தது போய், ஓட்டுநர் இல்லாமையே அடையாளமாகிவிட்டது. பத்து வருசத்துக்குள் ஒரு பெருமிதம் தன் நேர் எதிரான பெருமிதமாக மாறுவதை யாரும் ஒரு முரணாகக்கூட உணரவில்லை என்பதுதான் கருத்தியலின் வெற்றி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு செய்தித்தாள்கூடக் கேள்வி எழுப்பியதாக நான் பார்க்கவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறு வழி தெரியாது, சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 'இல்லாத' என்பதில் கடைசி எழுத்து போய் 'இல்லா' ஆகிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ('இல்' குறிப்பு வினையடி ஆயிற்றே என்று பண்டிதர்கள் திருத்துவார்கள், திருத்தட்டும்.) எச்சம் என்றால் முடியாமல் நிற்பது. பெயரெச்சம் ஒரு பெயரைக் கொண்டு முடிய வேண்டும். இங்கே 'ரயில்' என்ற பெயரைக் கொண்டு முடிகிறது. ஆக ரயில் இருக்கிறது, ஓட்டுநர் இல்லை. வாக்கியத்தில் ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஒரே இடம் மறுக்கப்படுவதற்கான இடம்.

இதே வடிவத்தில் ஒரு பழைய தொடர் நம்மிடம் இருக்கிறது. புறநானூற்றின் 27ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியைப் பார்த்து உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியதில், வலவன் செலுத்தாமலே வானத்தில் போகும் ஊர்தி ஒன்று வருகிறது. அந்தக் காலத்திலேயே விமானம் கண்டுபிடித்துவிட்டான் தமிழன் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இது பிடித்த பாட்டு. இப்போது 'டிரைவர் இல்லா மெட்ரோவும் அன்றே சொன்னது தமிழ்' என்று ஒரு முழக்கம் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதை விடுவோம். அந்தப் பாட்டில் இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். ஒன்று, அந்த ஊர்தி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. புலவர் பாடும்படியான புகழ் உடையவருக்கு, அதாவது கொடுக்கும் இடத்தில் இருக்கிறவருக்கு, செத்த பிறகு கிடைக்கிறது. ஆள் செலுத்தாத ஊர்தி என்பது உடையவர்களின் சொர்க்கக் கனவு. பூமியில் அவர்கள் வலவனை நம்பித்தான் இருக்கிறார்கள், வானத்தில் அந்த நம்பியிருத்தலிலிருந்து விடுதலை.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. அந்தப் பாட்டில் எதிர்மறை ஏறியிருப்பது வினைமேல். வலவன் ஏவவில்லை, அவ்வளவுதான். வலவனே கிடையாது என்று புலவர் சொல்லவில்லை. நமது செய்தித்தாள் தொடரிலோ எதிர்மறை ஆள்மேல் ஏறுகிறது. செயலை மறுப்பதற்கும் செய்பவனை மறுப்பதற்கும் உள்ள தூரம் சின்னதில்லை. பூந்தமல்லியில் ஓடிய ரயிலைச் சரியாக விவரிப்பது எது என்று பார்த்தால் நலங்கிள்ளி காலத்துப் புலவர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார்: ஓட்டுகிறவர் இருக்கிறார், ரயிலுக்குள் இருந்து ஓட்டவில்லை.

எப்படி என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நம்முடைய விமர்சன எழுத்தில் எந்திரம் எப்போதும் 'எந்திரமயம்' என்ற ஒற்றைச் சொல்லாகவே வந்து போகிறது. மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. பிரெஞ்சுக்காரர் புரூனோ லத்தூர் பாரீசில் கைவிடப்பட்ட ஒரு தானியங்கி ரயில் திட்டத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 'அராமிஸ்' என்று, 1992இல். அந்தப் பொறுமை நமக்கு வேண்டும்.

ரயிலில் தானியக்கத்தைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் படியில் ரயில் தானாகக் கிளம்பி, வேகம் பிடித்து, தானாக நிற்கும். ஓட்டுநர் கதவைப் பார்ப்பார், கிளம்பச் சொல்லிப் பொத்தானை அழுத்துவார், ஏதாவது ஆனால் கையில் எடுத்துக்கொள்வார். லண்டன் விக்டோரியா தடத்தில் 1968இலேயே கிட்டத்தட்ட இது வந்துவிட்டது. சென்னையின் முதல் கட்டத்திலும் தானியங்கி ஓட்டம் உண்டு, முன்னால் ஆளும் உண்டு. மூன்றாம் படியில் ஓட்டுநர் இல்லை, உள்ளே ஒரு பணியாளர் இருப்பார். நான்காம் படியில் உள்ளே யாரும் இருக்க வேண்டியதில்லை. ரயில் தான் இருக்கும் இடத்தை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. தரையில் இருக்கும் கணினி, இதுவரை போகலாம் என்று எல்லை சொல்லிக்கொண்டே வருகிறது. முன்னால் போகும் ரயில் நகர நகர எல்லையும் நகர்கிறது. அதனால்தான் ரயில்களை நெருக்கமாக விட முடிகிறது. பயணி அபாயப் பொத்தானை அழுத்தினால் குரல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே ஒருவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

ஆக அந்த ஒருவர் இருக்கிறார். முன்பு ஓர் ஆளுக்கு ஒரு ரயில், இப்போது ஓர் ஆளுக்குப் பல ரயில்கள். அவரோடு சிக்னல் பராமரிப்பவர், மென்பொருளை எழுதியவர், திருத்துபவர், பணிமனையில் விடியற்காலையில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து அனுப்புபவர், பிளாட்பாரத்தில் கதவுச் சுவர் சிக்கிக்கொண்டால் ஓடி வருபவர், நின்றுபோன ரயிலுக்குத் தண்டவாளத்தில் நடந்து போய்க் கையால் ஓட்டிக் கொண்டுவருபவர். ஓட்டுநரை இவர்களுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 1857–58 குறிப்பேடுகளில், 'குருண்ட்ரிஸ்' என்று பிற்பாடு அச்சானவற்றில், மார்க்ஸ் இந்த நகர்வைப் பார்த்துவிட்டார்: உற்பத்தியின் நடுவில் இருந்த தொழிலாளி ஓரத்துக்கு நகர்ந்து மேற்பார்வை பார்ப்பவராக ஆவதை.

தில்லியில் 2020 டிசம்பர் 28 அன்று மெஜந்தா தடத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநர் இல்லா ரயிலைப் பிரதமர் தொடங்கிவைத்தபோதும் ஆரம்பத்தில் ரயிலுக்குள் பணியாளர் இருந்தார். பெங்களூரின் மஞ்சள் தடத்துக்கு வாங்கியது ஓட்டுநர் இன்றி ஓடும் திறனுள்ள ரயில். 2025 ஆகஸ்டில் அது ஓட்டுநரோடுதான் ஓடத் தொடங்கியது. 'திறனுள்ள' என்ற சொல்லை அறிக்கைகளில் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

அகநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் 384ஆம் பாட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. போர் முடித்துத் திரும்பும் தலைவனுக்குத் தேரில் ஏறியது மட்டும் தெரிகிறது, வந்த வழி தெரியவில்லை. அதற்குள் வீடு வந்துவிட்டது. இறங்கு என்கிறான் பாகன். தலைவன் திகைத்துப் பாகனைக் கேட்கிறான்: காற்றைப் பிடித்துத் தேரில் பூட்டினாயா, இல்லை உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயா? மெட்ரோவில் நடந்திருப்பது இந்த இரண்டாவது. ஓட்டுநரின் மனம், அதாவது எங்கே வேகம் குறைக்க வேண்டும், எந்த வளைவில் எவ்வளவு, மழையில் எவ்வளவு முன்னால் பிரேக் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கைப்பழக்கம், கணக்காக மாற்றப்பட்டு எந்திரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டிய பிறகு மனத்துக்குச் சொந்தக்காரன் தேவையில்லை. மாசாத்தியாரின் பாட்டு கேள்வியோடு முடியவில்லை. தலைவன் பாகனைத் தழுவிக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப் போகிறான், வீட்டுக்காரிக்கு ஒரு விருந்தாளி கிடைக்கிறான். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது மரபு, ஆகவே பாகனுக்கும் பெயரில்லை. ஆனால் உழைப்பை அடையாளம் கண்டு வாசலுக்கு உள்ளே அழைக்கிற ஒரு கணம் அந்தப் பாட்டில் இருக்கிறது. தலைவன் பார்வையில் எழுதப்பட்ட, மேலிருந்து வரும் கருணைதான். இருந்தாலும் இருக்கிறது.

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். நின்றுபோனால், மோதினால் யாரைக் கேட்பது? 2017 டிசம்பர் 19 அன்று, மெஜந்தா தடம் திறப்பதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, தில்லி காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு ரயில் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. காரணம் என்ன என்றபோது வந்த பதில்: மனிதத் தவறு. கோலாலம்பூரில் கெலானா ஜெயா தடம் 1998 முதல் ஓட்டுநர் இன்றி ஓடுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழர்கள் தினமும் ஏறி இறங்கும் பாதை. 2021 மே 24 இரவு, கேஎல்சிசி நிலையத்துக்கும் கம்போங் பாருவுக்கும் நடுவே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 213 பேர் காயப்பட்டார்கள், 47 பேருக்குப் பலத்த காயம். ஒன்று பயணிகளோடு தானாக ஓடிய ரயில். இன்னொன்று பழுதாகிக் காலியாக, ஓர் ஆள் கையால் ஓட்டி வந்தது. அங்கேயும் முதலில் விரல் அந்த ஆளை நோக்கித்தான் நீண்டது.

இந்தச் சொல்லாடலின் இலக்கணம் இப்போது புலப்படுகிறது. ஓடும்போது ஓட்டுநர் இல்லை. மோதும்போது ஓட்டுநர் இருக்கிறார். புகழ் எந்திரத்துக்கு, பழி மனிதனுக்கு. இது தானியங்கி ரயிலுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா விரைவு ரயில்மேல் சரக்கு ரயில் மோதியபோது, சிக்னலை மதிக்காமல் வந்துவிட்டார் சரக்கு ரயில் ஓட்டுநர் என்று அன்றைக்கே மேலிடத்திலிருந்து பேச்சு வந்தது. செத்துப்போன ஆள் மறுத்துப் பேச முடியாது. பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் பழுதானபோது ரயில்களை நடத்திய முறையிலும், கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டிலும், பயிற்சியிலும் குறை இருந்ததைச் சொன்னது. இருக்கிற ஓட்டுநர்மேலேயே இவ்வளவு எளிதாகப் பழி விழும் நாட்டில், இல்லாத ஓட்டுநருக்குப் பதிலாக யார் மாட்டுவார்கள் என்று யோசியுங்கள். கண்ட்ரோல் ரூமில் இரவுப் பணியில் இருக்கும் ஒப்பந்தப் பையன்தான்.

கண்காணிப்பு பற்றி எழுதுவதற்கும் இடமுண்டு: பெட்டிக்குள் கேமரா, நிலையத்தில் கேமரா, ஃபூக்கோ. எங்களுக்கு முந்தைய தலைமுறை தொண்ணூறுகளில் பனாப்டிகானைத் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டது. எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுவது வேறு. நிறுத்துகிற உரிமை.

1820களில் மான்செஸ்டர் பஞ்சாலைகளில் நூற்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டே இருந்தார்கள். முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற எந்திரக்காரரிடம் போய், ஆள் இல்லாமல் நூற்கிற எந்திரம் ஒன்று செய்து கொடு என்றார்கள். 1825இலும் 1830இலும் அவர் தானியங்கி நூற்பு எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆண்ட்ரூ யூர் என்பவர் இதை இரும்பு மனிதன் என்று கொண்டாடி எழுதினார். மார்க்ஸ் 'மூலதன'த்தில் யூரைப் பிடித்து உலுக்குவது இதற்காகத்தான். வேலைநிறுத்தத்தை முறிக்கும் ஆயுதமாகவே பிறந்த எந்திரங்களின் வரலாறு என்று ஒன்றை எழுதலாம் என்கிறார். நமது நண்பர்கள் இந்த இடத்தோடு மேற்கோளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு நடந்தது சுவாரசியமானது. நூற்பாளர் ஒழியவில்லை. எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராகப் பெயர் மாறி அங்கேயே நின்றார். லங்காஷயரில் அவர்களுடைய சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கப் பலமாகவே இருந்தது. அதாவது எந்திரம் வந்த உடனே முடிவு எழுதப்பட்டுவிடுவதில்லை.

பாரீசில் 14ஆம் தடம் 1998இல் ஓட்டுநர் இன்றியே பிறந்தது. நூறு வருசத்துக்கு மேல் ஓட்டுநர்கள் ஓட்டிய 1ஆம் தடத்தை 2012 முடிவதற்குள் தானியங்கியாக மாற்றினார்கள். 2019 டிசம்பர் 5 அன்று ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. மற்ற மெட்ரோ தடங்கள் அநேகமாக முடங்கின. 1ஆம் தடமும் 14ஆம் தடமும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த இரண்டு தடங்களின் பிளாட்பாரத்தில் கூட்டம் பிதுங்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் இல்லாமையின் பயன் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளம்பரம் இருக்க முடியாது.

சென்னையில் 2019 ஏப்ரல் கடைசியில் மெட்ரோ ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கம் அமைத்ததன் தொடர்பில் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதுதான் காரணம். ரயில் சேவை தடுமாறியது, செய்தியானது. ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்த பிரச்சினை, ரயில் நின்றதால் ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்தது. சென்னையில் ஓட்டுநர் இல்லா ரயிலை வாங்கியது இதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. உலகம் முழுக்கப் புதிய தடங்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வழியாகப் போகும் வடகிழக்குத் தடம் 2003 முதல் அப்படித்தான் ஓடுகிறது. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்று. ரயிலின் மூக்கில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் 'மாட்டேன்' என்று சொல்கிற கை ஒன்று இருந்தது. 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 118.9 கிலோமீட்டர் கட்டும்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்பது வரைபடத்தில் இல்லை.

இதனால் ஓட்டுநர் வேலையைப் புனிதப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். ரயில் எஞ்சினில் கழிப்பறை கேட்டும், வார ஓய்வு கேட்டும் ஓட்டுநர்கள் எத்தனை வருசமாகப் போராடுகிறார்கள் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தில் வந்து நிற்கிற ஆளைக் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டே, பிரேக் போட்டும் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் போடுகிற அந்தச் சில வினாடிகளை ஒரு மனிதன் சுமக்க வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் கண்ணாடிச் சுவர் வந்தால் அந்தச் சாவுகள் குறையும். இதையெல்லாம் மறுக்கிற இடதுசாரித்தனம் வெறும் பழமைவாதம். உழைப்பு தன்னளவில் உன்னதமானது என்பது, அதைச் செய்ய வேண்டியிராதவர்கள் கண்டுபிடித்த கருத்து.

ஆனால் எந்த உழைப்பை முதலில் எந்திரத்திடம் கொடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ரயில் மேலே தூணில் போகிறது. அதே தூணுக்குக் கீழே கழிவுநீர்க் குழி இருக்கிறது. மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமாயிற்று. தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். கேரளத்துப் பொறியாளர்கள் 2018 வாக்கில் குழியைச் சுத்தம் செய்யும் ரோபோ செய்து காட்டிவிட்டார்கள், ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் சம்பளம் வாங்குகிறவர், சங்கம் வைக்கிறவர், நிறுத்தக் கூடியவர். அவருக்கு முதலில் எந்திரம் வருகிறது. குழிக்குள் இறங்குகிறவர் எந்திரத்தைவிட மலிவு, அவர் என்ன சாதி என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவருக்கு எந்திரம் வரத் தாமதமாகிறது. 'ஓட்டுநர் இல்லா' என்ற தொடரை எழுதிய பேனா 'இறங்குநர் இல்லா' என்று எழுத ஏன் இவ்வளவு யோசிக்கிறது? தானியக்கம் சாதியின் வரைபடத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று நான் சொன்னால் மிகை என்பார்கள். மிகை என்று நிரூபிக்கட்டும்.

கட்டுமானத்திலும் இதே கதை. சுரங்கப்பாதை குடையும் எந்திரங்களுக்குச் சென்னையில் பெயர் வைத்தார்கள்: நீலகிரி, ஆனைமலை, ஃபிளமிங்கோ. அழகான பெயர்கள். எந்திரத்துக்குப் பின்னால் வளையம் வளையமாகக் கான்கிரீட் பொருத்திய பீகார், ஒடிசா பையன்களின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

மின்சார ரயில் என்பதில் 'மின்சார' என்ற பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் உறைக்கிற பாதி. தலைக்குமேல் கம்பியில் 25,000 வோல்ட். அது மாநில மின்தொகுப்பிலிருந்து வருகிறது, தொகுப்பில் கலந்த பிறகு எந்த யூனிட் நெய்வேலியுடையது, எது காற்றாலையுடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் தொகுப்பில் 1962லிருந்து எங்கள் மண் எரிந்துகொண்டிருக்கிறது என்பது நிச்சயம். முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது, மற்றவை எரிகின்றன. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள். பிறகு மருத்துவமனையிலிருந்து ஒவ்வொருவராகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மே மாதம் 7ஆம் தேதிதான் அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் விபத்து நடந்திருந்தது. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறையப் பேர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்லுக்குள் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கியதை நாடு முழுக்கப் பார்த்தது. ஓட்டுநர் இல்லாத ரயில், புகை இல்லாத ரயில், சத்தம் இல்லாத ரயில். இத்தனை 'இல்லா'க்களும் ஓரிடத்தில் 'இருக்கிற'தாகச் சேர வேண்டுமில்லையா? சேருகிற இடங்களில் ஒன்று இங்கே.

பெரியப்பாவிடம் பிறகொரு நாள் பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன். சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போகும் ரப்பர் பெல்ட். "அதுக்கு ஏது டிரைவரு? சுச்சப் போட்டா ஓடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அத வுட்டு ஒரு நாளு நாங்க நவுந்ததில்ல. உருளை சுத்துதா, சூடேறுதா, மண்ணு சிந்திச்சா, பெல்ட்டு ஒருபக்கமா போவுதா, நடந்து நடந்து பாக்கணும். சத்தத்த கேட்டே சொல்லிடுவோம், எந்த உருளை போவப்போவுதுன்னு" என்றார். இதை 'ஓட்டுநர் இல்லா பெல்ட்' என்று யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. நகரத்துக்கு வந்த பிறகுதான் இல்லாமைக்கு மவுசு.

இந்த மாதிரி உழைப்பை எழுதிய பிரதிகள் நம்மிடம் குறைவு. விருத்தாசலம் பக்கத்திலிருந்து, போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை' நாவலைச் சொல்ல வேண்டும். தற்காலிகப் பணியாளர்களின் நாவல் அது. நாம் ஏறி உட்கார்ந்து சன்னலில் வேடிக்கை பார்க்கும் பேருந்துக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்பதை அதைப் படித்த பிறகு மறக்க முடியாது. நடுநாட்டு வழக்கு, வட்டார நாவல் என்று அதைப் பாராட்டித் தட்டிக்கொடுத்து ஓரத்தில் வைத்துவிட்டது நமது விமர்சனம். மெட்ரோ கட்டுப்பாட்டு அறையின் இரவுப் பணியை எழுதுகிற நாவல் ஒன்று வந்தால் அதற்கு என்ன வட்டாரம் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசினேன். அவர் கோரிக்கை நேரானது: ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஓட்டுநர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்போம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்வதற்கு வேலை இல்லாத நாற்காலியில் ஓர் ஆளை உட்கார வைத்தால் அவர் பழி தாங்கியாக மட்டுமே மிஞ்சுவார், அடுத்த ஒப்பந்தத்தில் நாற்காலியும் போகும். கட்டுப்பாட்டு அறை, சிக்னல், பணிமனை, நிலையம், துப்புரவு எல்லாரையும் சேர்த்து இவர்கள்தான் ஓட்டுநர் என்று ஒரே பிரிவாகக் கேட்க வேண்டும், எல்லாரும் நிரந்தரப் பட்டியலில். ஆபத்து என்று தோன்றினால் ரயிலை நிறுத்துகிற அதிகாரம் அவர்கள் எல்லாருக்கும் எழுத்தில், நிறுத்தியதற்காக யார்மேலும் நடவடிக்கை கூடாது என்பதும் எழுத்தில். இரண்டு வருசத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கு என்று 1981இல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள், அந்த 480 நாளை எப்படி நிறைய விடாமல் செய்வது என்பதில் காண்டிராக்ட் முறை தேர்ந்துவிட்டது என்பதும் தெரிந்ததுதான்.

அவர் சிரித்தார். "நீ இலக்கணம் படிச்சவன். சொல்ல மாத்துனா ஒலகம் மாறிடும்னு நெனைக்கிற. துப்புரவுக்காரம்மாவையும் சிக்னல் இஞ்சினியரையும் ஒரே சங்கத்துல உக்கார வெச்சிருக்கியா நீ? ஒரு கூட்டம் நடத்திப் பாரு. நாற்காலின்னு ஒண்ணு இருந்தாத்தான் அதுக்காகச் சண்ட போட முடியும்." சாதி, படிப்பு, சம்பளம் என்று அந்த இருவருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் தன் தரப்பை அடுத்த இதழுக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.